மெத்தை வீடும் மாடுலர் கிச்சனும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா, ஆரணி என்று பழைய வட ஆற்காடு முழுக்க வீட்டு மராமத்து வேலை பார்க்கிறேன். தாத்தா கட்டிய வீட்டில் பேரன் ஏசி மாட்டுவதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. போனில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் எழுதி வைத்துவிட்டேன். நம் ஊருக்கு வெயிலூர் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அதனால் பாதிப் பதில்கள் வெயிலைச் சுற்றியே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு எண்பது வருஷத்துக்கு முந்தையது. இடித்துக் கட்டலாமா, சரிசெய்து வாழலாமா?

முதலில் கூரை மரத்தைப் பாருங்கள். உத்திரத்தின் நடுப்பகுதி அநேகமாக நன்றாகவே இருக்கும். கெட்டுப்போவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான். என்னோடு வரும் ஆசாரி ஏணியில் ஏறி, கொட்டாப்புளியால் உத்திரத்தை நடுவிலிருந்து தட்டிக்கொண்டே ஓரத்துக்குப் போவார். டங், டங் என்று வரும் சத்தம் சுவரை நெருங்கும்போது பொத்தென்று அடங்கினால், கரையான் உள்ளே குடித்தனம் நடத்துகிறது. அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் புட்டுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கும். முனை மட்டும்தான் போயிருக்கிறது என்றால் கவலை வேண்டாம். கெட்ட பகுதியை அறுத்துவிட்டு இரும்புச் சேனல் கொடுத்துத் தாங்கலாம், உத்திரத்தையே மாற்ற வேண்டியதில்லை.

அடுத்தது விரிசல். மயிரிழை விரிசல் எல்லா வீட்டிலும் இருக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிபோல் ஏறும் விரிசலைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை அதன் குறுக்கே ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிடுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டியும் கண்ணாடி உடையவில்லை என்றால் அது பழைய காயம், நின்றுவிட்டது. உடைந்தால் அஸ்திவாரம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

அஸ்திவாரமே இறங்கும் வீட்டில் பாசம் பேசிப் பயனில்லை. நிலை, கதவு, தூண், உத்திரத்தைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு இடித்துவிடுங்கள். ஆனால் சுவர் நேராக நிற்கிறது, கூரை மட்டும்தான் தொல்லை என்றால் இடிக்க வேண்டாம். ஒன்றரைச் செங்கல் கனத்தில் சுண்ணாம்பு வைத்துக் கட்டிய சுவரை இன்றைக்கு யாரும் கட்டித் தருவதில்லை. பகல் வெயில் அதைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். எந்த முடிவுக்கும் முன்னால் ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரை வரவழைத்துக் காட்டுவது நல்லது.

மெத்தை ஒழுகுகிறது. மேலே நாலு இஞ்ச் கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

கூடாது. (வெளியூர்க்காரர்களுக்கு: நம் பக்கம் மெத்தை என்றால் மாடித்தளம். மெத்தை வீடு என்றால் ஓடு போடாத, தளம் போட்ட வீடு.) பழைய மெத்தையை என்ஜினியர்கள் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். உத்திரத்தின் மேல் நெருக்கமாக மரச்சட்டங்கள். சட்டங்களின் மேல் சின்னத் தட்டைச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்பார்கள். அத்தனை பாரத்தையும் தாங்கி நிற்பது மரம்.

இதன் தலையில் கான்கிரீட் போட்டால் என்ன ஆகும்? 300 சதுர அடிக் கூடத்துக்கு நாலு இஞ்ச் கான்கிரீட் ஆறரை டன்னுக்கு மேல் எடை வரும். ஒரு லாரிச் சரக்கை மாடியில் இறக்கி வைத்துவிட்டுக் கீழே படுத்துத் தூங்குவது போலத்தான்.

ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் எளிமையானது. மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பு அடைத்திருக்கும், அல்லது கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசங்கன்று வேர் விட்டிருக்கும். கன்றை வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு எடுக்க அந்த இடத்தைத் தோண்டித்தான் ஆக வேண்டும். பெயர்ந்துபோன தட்டோடுகளை எடுத்துவிட்டு, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த கலவையில் புது ஓடு பதித்து, தூம்பு பக்கம் வாட்டம் சரிசெய்தால் பல வருஷம் தாங்கும்.

பழைய சுவரில் பூச்சு உதிர்கிறது. சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தால் மாடர்னாக இருக்குமே?

இருக்கும், ஒரு வருஷம். இதைச் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் குடியாத்தத்தில் எங்கள் ஆயா வீட்டுக் கூடத்தைச் சிமெண்ட் பூசி வழவழவென்று ஆக்கினேன். தெருவே வந்து பார்த்தது. அடுத்த ஆடியில் தரையிலிருந்து இடுப்புயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளம்போல் உப்பிக்கொண்டு வந்தது. ஆயா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏன்டா, கொழம்புக்கு எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். இன்று வரை வீட்டில் அந்தப் பேச்சு ஓயவில்லை.

காரணம் இதுதான். பழைய வீடுகளில் தரைமட்டத்தில் ஈரம் தடுக்கும் பட்டை கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் சுவருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. உள்ளே மாட்டிய ஈரம் உப்பைக் கொண்டுவந்து பூச்சுக்குப் பின்னால் சேர்க்கும். உப்பு படிகமாகும்போது பூச்சைத் தள்ளிவிடும். எமல்ஷன் இன்னொரு மூடி.

செய்ய வேண்டியது: சிமெண்டைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, சில வாரம் காயவிட்டு, சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு வைத்துப் பூச வேண்டும். மேலே சுண்ணாம்பு அடிக்கலாம், நிறம் வேண்டுமானால் காவி கலக்கலாம். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீர் கொதிக்கும், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். இந்தப் பூச்சு தெரிந்த கொத்தனார்கள் குறைவுதான். ஆற்காடு, வாலாஜா பக்கம் வயசான கைகள் சில இன்னும் இருக்கின்றன. கூலி கூடக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போடலாமா? குரங்குத் தொல்லை தாங்கவில்லை.

குரங்கு, திருடன், கொசு மூன்றுக்கும் வழி செய்ய வேண்டியதுதான். ஆனால் வேலூரில் கண்ணாடியோ பாலிகார்பனேட்டோ போட்டு முற்றத்தை முழுசாக மூடுவது, கூடத்துக்கு நடுவில் அடுப்பு வைப்பதற்குச் சமம். நாம் இருக்கும் அட்சரேகையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நட்டநடு உச்சியில் வரும். கத்திரி வெயிலில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலேதான். வெளிச்சமாக உள்ளே நுழையும் வெப்பம் திரும்ப வெளியே போக வழி இருக்காது.

அப்படி மூடிய ஒரு வீட்டுக்கு மே மாதத்தில் போயிருந்தேன். அந்த அம்மா கோபப்படக்கூட இல்லை. "மாடிக்கு ஏற வேண்டியதில்ல தம்பி, வடகம் இங்கயே காஞ்சிடுது" என்று கூடத்தில் விரித்திருந்த வேட்டியைக் காட்டினார்.

முற்றம் புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. சூடான காற்று அதன் வழியே மேலே போனால்தான் தெருநடை வழியே புதுக்காற்று உள்ளே வரும். அந்த வேலையைக் கெடுக்காமல் மூட வேண்டும். நான் செய்வது இப்படி: முற்றத்தைச் சுற்றியுள்ள கூரைக்கு மேலே இரண்டு, இரண்டரை அடி உயர்த்தி ஒரு சின்ன ஓட்டுக்கூரை. நாலு பக்கமும் திறப்பு. திறப்பில் கம்பி கிரில், அதன் உள்பக்கம் கொசுவலை. ஓடுகளுக்கு நடுவே ஏழெட்டுக் கண்ணாடி ஓடு. அவ்வளவு வெளிச்சமே தாராளம். சாரல் கொஞ்சம் உள்ளே வரும். அதற்காக முற்றத்தின் தரைப் பள்ளத்தையும் தண்ணீர் போகும் வழியையும் மூடாமல் வையுங்கள். பள்ளத்தை நிரப்பி டைல்ஸ் போட்டுச் சமமாக்கியவர்கள் மழைக்காலத்தில் துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

கூடத்தில் தறிக்குழி இருக்கிறது. இப்போது யாரும் நெய்வதில்லை. என்ன செய்வது?

குடியாத்தம், ஆரணிப் பக்கம் இந்தக் கேள்வி நிறைய வரும். உடைந்த செங்கல், மண், குப்பை எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டி நிரப்பி மேலே டைல்ஸ் ஒட்டுகிறார்கள். ஆறு மாசத்தில் சரியாக அந்தச் சதுரம் மட்டும் அமுங்கி, டைல்ஸ் உடைந்து, குழி இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கிராவல் மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட்டு இறுக்க வேண்டும். மேலே மூன்று இஞ்ச் கான்கிரீட், அப்புறம்தான் தரை.

நிரப்பியே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஒரு வீட்டில் குழியின் சுவர்களைச் சரிசெய்து, மேலே தேக்குப்பலகை மூடி போட்டு, பித்தளைப் பாத்திரம் வைக்கும் கிடங்காக மாற்றினோம். சுத்தம் செய்யும்போது அடியில் ஒரு நாடா (தறியில் குறுக்கு நூலை ஓட்டும் கட்டை) கிடைத்தது, இரு முனையிலும் தேய்ந்து பளபளவென்று. அது இப்போது அவர்கள் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது.

தெரு உயர்ந்து திண்ணை தாழ்ந்துவிட்டது. எடுத்துவிட்டு பைக் நிறுத்த இடம் செய்யலாமா?

ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதன் பலன் இது. நாலு படி ஏறிப் போன வீடுகளில் இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். திண்ணையின் ஒரு பக்கத்தை எடுத்து பைக்குக்குச் சாய்தளம் செய்து, மறுபக்கத் திண்ணையை வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. வைத்துக்கொள்ளும் திண்ணையை ஒரு அடி உயர்த்தி, மேலே ஒரே பலகைக் கருங்கல் போடுங்கள். வாசற்படிக்கு முன்னால் குறுக்கே ஒரு வாய்க்காலும் இரும்புச் சல்லடையும் கட்டாயம். செருப்பு ரேக், கூரியர் வாங்கி வைக்க ஒரு மாடம், செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட். சாயங்காலம் தாத்தா அங்கே நகராமல் உட்கார்ந்துவிடுவார்.

எங்களுடையது 30க்கு 40 மனையில் புது வீடு. பழைய பாணியை எப்படிக் கொண்டுவருவது?

போர்டிகோவில் ஃபைபர் தூண் நிறுத்தி 'செட்டிநாடு ஸ்டைல்' என்று சொல்வதை மட்டும் செய்யாதீர்கள், தட்டினால் டொக்கென்று கேட்கும். இந்த மனையில் முழு முற்றம் வராது. ஆனால் படிக்கட்டுக்கு மேலே வெப்பம் போகத் திறப்பு வைக்கலாம். வாசலுக்கு எதிரே பொழக்கடைக் கதவு வைத்து, நேர்க்கோட்டில் காற்று ஓட விடலாம். மேற்கு, தெற்கு ஜன்னலுக்கு ஆழமான சன்ஷேடு போடலாம். கோடையில் மதியச் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்வதால் வடக்கு ஜன்னலையும் மறக்காதீர்கள். இது வெளியே தெரியாத பழைய பாணி.

கண்ணுக்குத் தெரிய ஏதாவது வேண்டும் என்றால் ஒரே ஒரு நல்ல பொருளை வாங்குங்கள். பழைய நிலைக்கதவு காரைக்குடியில் கிடைக்கும், இடிக்கும் வீடுகளில் நம் ஊரிலேயே கிடைக்கும். அளவு பார்த்து வாங்க வேண்டும். சில பழைய நிலைகள் ஐந்தரை அடிதான். அன்றைக்குக் குனிந்து வந்தார்கள், இன்றைக்கு மாப்பிள்ளை நெற்றியில் இடித்துக்கொள்வார். அதைப் பூஜை அறைக்கு வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் செய்யும் மெருகு மண்பாண்டங்களில் ஒரு ஜாடி மூலையில் இருந்தால், ஊர் அடையாளமும் வந்துவிடும்.

தரைக்கு எது நல்லது?

காலுக்குக் குளிர்ச்சியும் கண்ணுக்கு அழகும் வேண்டும் என்றால் ரெட் ஆக்சைடு. நல்ல ஆள் கிடைத்தால் மட்டும். பெரிய கூடத்தில் ஒரே வீச்சில் போட்டால் வெடிக்கும். நடுவே பட்டை கொடுத்துக் கட்டம் பிரித்துப் போட வேண்டும், ஒரு வாரம் தண்ணீர் கட்ட வேண்டும். ஆத்தங்குடிக் கல் அழகுதான், ஆனால் அது சிமெண்ட் கல் என்பதால் ஆசிட் ஊற்றிக் கழுவினால் செத்துவிடும். போர் தண்ணீர் உப்பாக உள்ள வீட்டில் கறுப்புத் தரை வேண்டாம், வெள்ளைத் திட்டு நிற்கும். படுக்கையறைக்குச் சாதாரண விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

மாடுலர் கிச்சன் பழைய வீட்டில் ஒத்துவருமா?

வரும். சுவர் நேராக இருக்காது என்பதால் கடைக்காரர் கொடுக்கும் ரெடிமேட் பெட்டி இடிக்கும். அளவெடுத்துச் செய்யச் சொல்லுங்கள். கரையான் உள்ள வீட்டில் பிளைவுட் பெட்டியைத் தரையிலும் சுவரிலும் ஒட்டி வைப்பது அதற்கு விருந்து வைப்பது. கீழே கடப்பாப் பலகையில் அறை பிரித்து, கதவு மட்டும் மாடர்னாகப் போட்டால் இரண்டும் கூடிவரும். மேடைக்கு மட்டும் கடப்பா வேண்டாம். அது சுண்ணாம்புக்கல் வகை, எலுமிச்சையும் புளியும் பட்டால் மங்கிவிடும். மேடைக்குக் கிரானைட். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் பொழக்கடையில் ஒரு தண்ணீர்க் குழாய் அருகே வையுங்கள். குழாய் இருந்தால்தான் யாராவது அரைப்பார்கள்.

ஒயரிங், பாத்ரூம்?

இவை இரண்டும் முழுக்கப் புதிதாகவே இருக்கட்டும். பழைய மரப்பட்டி ஒயரிங் அழகாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். எர்த், எம்சிபி (லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) எல்லாம் போட்டுவிட வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் குறுக்குவாட்டில் நீளமாக வெட்டிக் குழாய் பதிப்பது சுவரை அறுப்பது மாதிரி. மேலிருந்து செங்குத்தாக மட்டும் இறக்கச் சொல்லுங்கள். பாத்ரூமைப் பழைய சுவருக்குள் செருகாமல் பொழக்கடைப் பக்கம் புதுச் சுவர் எழுப்பி ஒட்டிக் கட்டினால் ஈரம் பழைய சுவருக்குப் போகாது.

மாடிச் சூட்டுக்கு என்ன வழி?

வெள்ளை அடிப்பதே முதல் மருந்து. வருஷா வருஷம் பங்குனியில் சுண்ணாம்பு அடித்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். வெள்ளைக் கூலிங் டைல்ஸ் போட்டால் செலவு ஒரு தடவையோடு முடியும். கான்கிரீட் மாடி என்றால் சோலார் போடுங்கள். 3 கிலோவாட் பலகைகள் வைக்க ஏறக்குறைய 300 சதுர அடி மாடி வேண்டும். 2024-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. கரண்ட்டும் வரும், நிழலும் கிடைக்கும். மரத்தில் நிற்கும் மெத்தையில் என்ஜினியர் சொல்லாமல் ஏற்றாதீர்கள்.

ஓட்டு அறையில் ஏசி மாட்ட ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள் ஒரு ஆள் நுழையும் திறப்பு வையுங்கள். ஓடு நகர்ந்து ஒழுகினால் சீலிங் ஊறி விழும்வரை தெரியாது. எலி வேறு குடியேறும்.

மழைநீர் சேகரிப்பு தேவையா? கிணறு வறண்டுவிட்டதே.

வறண்டதனால்தான் தேவை. 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள். 1000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். வறண்ட கிணற்றைக் குப்பை போட்டு மூடாமல், ஜல்லி, கரி, மணல் அடுக்கிய தொட்டி வழியாக மாடித் தண்ணீரை அதில் இறக்குங்கள். கோடை மழையிலேயே போரில் ஏற்றம் தெரிந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அனுமதி வாங்க வேண்டுமா?

பூச்சு, தரை, ஒயரிங், பெயிண்ட் போன்றவற்றுக்கு வழக்கமாக வேண்டாம். பரப்பு கூடினாலோ, மாடி எழுப்பினாலோ, சுவர்களை மாற்றினாலோ வேண்டும். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டும் வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே அனுமதி கிடைக்கிறது.

வேலூர்க்காரர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்குத் தடை, பழுது பார்க்கவே தனி அனுமதி வேண்டும். அதற்கடுத்த 200 மீட்டரிலும் அவர்கள் ஒப்புதல் இல்லாமல் கட்ட முடியாது. கடைக்கால் தோண்டிவிட்டு நோட்டீஸ் வாங்குவதைவிட முன்னாலேயே அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

வாஸ்துப்படி மாற்ற வேண்டுமா?

உங்கள் விருப்பம். பாரம் தாங்கும் சுவரை மட்டும் வாஸ்துவுக்காக உடைக்க நான் வரமாட்டேன்.

செலவு எவ்வளவு ஆகும்? எப்போது தொடங்கலாம்?

பழைய வீட்டைத் திறக்காமல் சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் சொல்பவரை நம்பாதீர்கள். ஓட்டைப் பிரித்தால்தான் சட்டம் தெரியும், பூச்சைக் கொத்தினால்தான் சுவர் தெரியும். கையில் உள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்துக்கொண்டு மீதிக்குத் திட்டம் போடுங்கள். கூரை வேலையைத் தையில் தொடங்கிச் சித்திரைக்குள் மூடிவிட வேண்டும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை மட்டும் இல்லை, கோடை இடிமழையும், ஆடி ஆவணியில் சாயங்கால மழையும் உண்டு. சுண்ணாம்புப் பூச்சைக் கத்திரியில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஈரம் சீக்கிரம் இழுத்து வெடித்துவிடும்.

வேலை நடக்கும்போது வீட்டிலேயே இருக்கலாமா?

கூரை வேலை நடக்கும் நாட்களில் கண்டிப்பாகக் கூடாது. மற்ற நாட்களில் பாதிப் பாதியாகப் பிரித்துச் செய்தால் இருக்கலாம். வரிசை மட்டும் முக்கியம். பொழக்கடையில் புது பாத்ரூம் கட்டி, தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதில் சுத்தியல் விழ வேண்டும். அவசரப்பட்டு மாற்றிச் செய்த ஒரு குடும்பம் பதினெட்டு நாள் எதிர்வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, விடியற்காலையில் வரிசையாகத் தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தது.